சிறுவயதுக் காயமும் இளையோர் மனநலமும்: ஆய்வுக்கு இறங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் சமூகப்பணியும் உளவியலும் படிக்கும் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நான் வழிகாட்டி வருகிறேன். சிறுவயதில் பட்ட காயம் பதினெட்டு, இருபது வயதில் ஒருவருடைய மனநலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது அவர்களில் பலர் விரும்பி எடுக்கும் தலைப்பு. மாணவர்களும், நேர்காணலுக்கு வரும் இளைஞர்களும், அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களைக் கேட்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சின்ன வயசுல பட்ட கஷ்டம் எல்லாமே ட்ராமாதானா மேடம்?"

இல்லை. நான்கு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனதும் தீபாவளிக்குப் புதுத்துணி கிடைக்காமல் போனதும் கஷ்டங்கள்தான். ஆனால் அவற்றை மட்டும் வைத்துக் காயம் என்று ஆய்வில் எழுதுவதில்லை. குழந்தையின் தாங்கும் சக்தியை மீறிய அச்சமோ அவமானமோ இழப்போ நேர்ந்து, அந்த நேரத்தில் அணைத்துக்கொள்ள ஒரு பெரியவரும் இல்லாமல் போகும்போது அது காயமாகிறது. விபத்தில் தந்தையை இழந்த இரண்டு பிள்ளைகளில், பாட்டியின் மடியில் அழுது தீர்த்த பிள்ளையும், உறவினர் வீடுகளில் மாறி மாறி வேலை செய்துகொண்டு வளர்ந்த பிள்ளையும் ஒரே இழப்பைச் சுமப்பதாகச் சொல்ல முடியாது.

பெரும்பாலான ஆய்வுகள் பத்து வகை அனுபவங்களைக் கணக்கில் எடுக்கின்றன. உடல், மனம், பாலியல் என மூன்று துன்புறுத்தல்கள். உடல் தேவைகளிலும் மனத் தேவைகளிலும் கவனியாது விடுதல் என இரண்டு. தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடி அல்லது போதை, மனநோய் அல்லது தற்கொலை முயற்சி, பெற்றோர் பிரிவு, குடும்பத்தில் ஒருவர் சிறைக்குச் செல்லுதல் என வீட்டுச் சூழல் சார்ந்த ஐந்து. இவற்றுள் மாணவர்கள் எளிதில் தவறவிடுவது கவனியாது விடுதலைத்தான். நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்பது எளிது. நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனதைப் பற்றிக் கேட்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

"இது வெளிநாட்டுக்காரங்க கண்டுபிடிச்சது. உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் பொருந்துமா?"

அந்தப் பத்து வகைப் பட்டியலின் வேர் அமெரிக்காவின் சான் டியாகோவில் இருக்கிறது என்பது உண்மை. வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் அங்கே உடற்பருமன் சிகிச்சை மையம் ஒன்றை நடத்தியபோது, நன்றாக எடை குறைந்து வந்தவர்களே பாதியில் சிகிச்சையை விட்டுப் போவதைக் கவனித்தார்; விசாரித்தபோது அவர்களில் பலர் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அவரும் ராபர்ட் அண்டாவும் 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முதல் கட்டுரை 1998இல் வெளிவந்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகை அனுபவங்கள் உடையவர்களுக்கு, அப்படி எதுவும் இல்லாதவர்களைக் காட்டிலும் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

நம் நாட்டில் இப்பிரச்சினை இல்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். ஆகவே பொருந்துமா என்பதைவிட, எது விடுபட்டிருக்கிறது என்று கேட்பதே நமக்குப் பயன்படும். சாதியின் பேரால் வகுப்பறையில் பட்ட அவமானம், ஊர்க்கலவரத்தில் வீடு எரிவதைப் பார்த்தது, பெற்றோர் ஏலத்தோட்ட வேலைக்கோ வளைகுடாவுக்கோ போய்விட ஆண்டுக்கணக்கில் தனித்து வளர்ந்தது, பள்ளியை நிறுத்தி நூற்பாலை விடுதிக்கு அனுப்பப்பட்டது, பதினைந்து வயதில் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப்பட்டது ஆகிய எதுவும் அந்தப் பத்தில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளுக்காக உருவாக்கிய கேள்வித்தாளில் சக மாணவர்களின் வன்முறையும், ஊருக்குள் நடக்கும் வன்முறையும், கூட்டு வன்முறையும் சேர்க்கப்பட்டுள்ளன. அதிலிருந்து தொடங்கி, நம் ஊருக்கு வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

"எங்க அப்பா என்னை அடிச்சுத்தான் வளர்த்தார். நான் நல்லாத்தானே இருக்கேன்?"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தந்தையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கேட்கிறார்கள் என்பதால், இக்கேள்வியை நான் மரியாதையோடுதான் அணுகுகிறேன். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியோடு வளர்ந்த ஊர் இது. அடித்தவர் அன்பும் காட்டியிருக்கலாம். இரவு தூங்கியபின் வந்து, தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கலாம். ஆய்வு எந்தத் தந்தையையும் கூண்டில் ஏற்றுவதில்லை. ஆயிரம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், கடுமையாக அடிபட்டு வளர்ந்தவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று மட்டுமே அது சொல்கிறது. அவர்களில் நலமாக வாழ்பவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் மகிழ்ச்சி. ஆனால் உங்களோடு அதே வகுப்பில் அடி வாங்கி, ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பையன் இந்தக் கேள்வியைக் கேட்க இங்கே வருவதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அடி தேவையில்லை என்று நாட்டின் சட்டமே முடிவு செய்துவிட்டது. பள்ளியில் உடல்தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

நலமாக இருப்பவர்கள் எதனால் நலமாக இருக்கிறார்கள் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் திறமையும் நம்பிக்கையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தனர். பெற்றோர் அல்லாவிட்டாலும், தாத்தா பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, பிள்ளையின் மேல் நிலையான அக்கறை காட்டிய ஒரு பெரியவர் அவர்களுடைய வாழ்க்கையில் இருந்தார். ஆகவே என் மாணவர்களுடைய கேள்வித்தாள் எதிலும், "அந்த நாட்களில் உங்களுக்கு ஆதரவாக இருந்தவர் யார்?" என்ற கேள்வி இல்லாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

"எப்பவோ நடந்தது, இருபது வயசு வரைக்கும் எப்படி உடம்புல தங்கும்?"

ஆபத்து வரும்போது மூளை உடலுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. கார்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிந்துவிட வேண்டும். இரவுதோறும் குடித்துவிட்டு வரும் தந்தையின் வண்டிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் குழந்தைக்கு அந்தத் தணிதல் நடப்பதில்லை. வளரும் மூளை தான் வாழும் சூழலுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்வதால், எப்போதும் விழித்திருப்பதையே அது பழகிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை கல்லூரிக்கு வந்தபின், விடுதியில் யாரோ கதவை ஓங்கிச் சாத்தினாலும் நெஞ்சு படபடக்கிறது. ஆசிரியர் சாதாரணமாக முகம் திருப்பினாலும் கோபம் என்று தோன்றுகிறது. அன்று அதைக் காப்பாற்றிய பழக்கமே இன்று அதைச் சோர்வடையச் செய்கிறது.

இது மாறாத விதி என்று நினைத்துவிடக் கூடாது. ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரின் அனாதை இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பல வகைகளில் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களிடம், தம்மை வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை நன்றாகவே திரும்பியது.

"இதனால என்ன வியாதி வரும்?"

ஒரு காயத்துக்கு ஒரு நோய் என்ற கணக்கு கிடையாது. மனச்சோர்வு, பதற்றம், நிகழ்ந்தது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருதல், குடி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், யாரையும் நம்ப முடியாமை என எதுவும் வரலாம். எதுவுமே வராமலும் இருக்கலாம். நம் பகுதியில் இவை நோயின் பெயரோடு வருவதில்லை. தலை பாரம், நெஞ்சடைப்பு, சாப்பாடு இறங்கவில்லை, "பயந்த கோளாறு" என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொற்களுக்கும் உங்கள் படிவத்தில் இடம் இருக்கட்டும்.

"நெட்ல பார்த்தேன், பத்துக்கு ஆறு வந்திருக்கு. இனிமே எனக்கு என்ன ஆகும்?"

முதல் பதிலில் சொன்ன பத்து வகைகளில் எத்தனை நடந்தன என்ற எண்ணிக்கைதான் அந்த மதிப்பெண். அந்த எண்ணை வைத்து உங்களுக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே சொன்ன 4 முதல் 12 மடங்கு என்பது கூட்டத்தின் சராசரி. அந்த மதிப்பெண், ஒரு முறை நடந்ததையும் பத்தாண்டுகள் நடந்ததையும் "ஆம்" என்று ஒரே மாதிரி எண்ணுகிறது. எந்த வயதில் நடந்தது, யார் செய்தார், யார் காப்பாற்றினார் என்று கேட்பதில்லை. இதைத் தனி மனிதர்களைச் சலித்தெடுக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று, அதை உருவாக்கிய அண்டாவே 2020இல் எச்சரித்து எழுதினார். இப்போது உங்களுக்குத் தூக்கமோ படிப்போ கெட்டிருந்தால், மதிப்பெண் சுழியமாக இருந்தாலும் உதவி நாடலாம்.

"‘துன்புறுத்தல்’னு கேட்டா எல்லாரும் ‘இல்லை’னு டிக் பண்றாங்க. கேள்வித்தாள்ல என்ன தப்பு?"

தவறு சொல்லில் இருக்கிறது. "துன்புறுத்தல்" என்பது செய்தித்தாளில் வரும் சொல்; தன் அம்மா செய்ததை அந்தச் சொல்லால் அழைக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. "கையால், பெல்ட்டால், கரண்டியால் அடித்தார்களா? உடம்பில் தடம் பதிந்ததா? சூடு போட்டார்களா? மிளகாய் வற்றல் புகையைப் பிடிக்கச் செய்தார்களா? எத்தனை தடவை?" என்று நடந்த செயலைப் பெயர் சொல்லிக் கேட்டால், அதே மாணவர் நிதானமாக யோசித்து, நான்கில் மூன்றுக்கு "ஆம்" என்பார். முதல் கேள்விக்கும் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் அது வளர்ப்பு.

அன்பைப் பற்றிய கேள்விகள் இதைவிடக் கடினமானவை. "நான் நேசிக்கப்பட்டேன்" என்று எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் திருமங்கலத்தில் எந்த வீட்டிலும் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். எங்கள் மாணவி ஒருத்தி முன்னோட்ட நேர்காணல்களில் பல விதமாகக் கேட்டுப் பார்த்து, கடைசியில் "பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சாப்பிட்டியா என்று கேட்க வீட்டில் ஆள் இருந்ததா?" என்ற கேள்வியில் வந்து நின்றாள். அதற்குப் பதில் சொல்லும்போது சிலர் அழுதார்கள். மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலத்துக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்ப்பது அவசியமே; அதோடு நிற்காமல், பத்துப் பேரிடமாவது "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவென்று புரிந்தது?" என்று கேட்டறிந்த பிறகே களத்துக்குப் போக வேண்டும். உரிமம் பெற்ற அளவுகோலாக இருந்தால் சொற்களை மாற்றுவதற்கு அனுமதி பெறுவதோடு, மாற்றியதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதவும் வேண்டும்.

"பத்து வருஷம் கழிச்சு ஞாபகத்துல சொல்றதை எப்படி நம்புறது?"

நியாயமான ஐயம். குழந்தையாக இருந்தபோதே பதிவு செய்யப்பட்ட தகவலையும், அவர்களே பெரியவர்களான பின் சொன்னதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி, 2019இல் ஜெஸ்ஸி பால்ட்வினும் அவருடைய குழுவினரும் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டார்கள். குழந்தைப் பருவத்தில் பதிவானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னாளில் அதைச் சொல்லவில்லை. பின்னாளில் சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பற்றி முன்னர் எந்தப் பதிவும் இல்லை. இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு மனிதர்களைக் காட்டுகின்றன.

இதைப் பார்த்துவிட்டு நினைவுகள் பொய் என்று முடிவுகட்டுவது தவறு. ஒரு குழந்தைக்கு நடப்பதில் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆண்ட்ரியா டனேசியும் கேத்தி விடோமும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நீதிமன்றப் பதிவு இருக்கிறதா என்பதைவிட, தனக்கு அப்படி நடந்தது என்று அவரே நினைவுகூர்கிறாரா என்பதுதான் பின்னாளைய மனநோயோடு வலுவான தொடர்பு கொண்டிருந்தது. எனவே "இத்தனை பேருக்கு இது நடந்தது" என்று எழுதாமல், "இத்தனை பேர் இது நடந்ததாகச் சொன்னார்கள்" என்று எழுதுங்கள்.

"அப்போ இதுதான் காரணம்னு எழுதலாமா? வறுமையாவும் இருக்கலாமே?"

ஒரே முறை கேள்வித்தாள் கொடுத்துத் திரட்டிய தகவலை வைத்துக் "காரணம்" என்று எழுதக்கூடாது. "தொடர்புடையது" என்பதே உங்களால் தாங்க முடிந்த சொல். வறுமை, பெற்றோரின் மனநோய், மரபணு ஆகியவை காயத்துக்கும் நோய்க்கும் பொதுவான வேராக இருக்கக்கூடும். மேலும், இன்று மனம் சோர்ந்திருப்பவருக்குப் பழைய கசப்புகளே முதலில் நினைவுக்கு வரும். இந்தச் சிக்கலைப் பிரிப்பதற்காகத்தான் நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். வேறு சிலர் இரட்டையர்களை ஒப்பிடுகிறார்கள். ஆறு மாத ஆய்வேட்டில் அது நடவாது. குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி, பெற்றோரின் மனநோய் ஆகியவற்றையாவது கேட்டுக் கணக்கில் சேருங்கள்.

"ஆறின புண்ணைக் கிளறின மாதிரி ஆகாதா? பாவம் இல்லையா?"

என்னை மிகவும் உறுத்திய கேள்வி இது. இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களைக் கேட்டுப் பார்த்ததில், சிலருக்கு அந்த நேரத்தில் வருத்தம் ஏற்பட்டாலும், பெரும்பாலானோர் பங்கேற்றதற்காக வருந்துவதில்லை என்றே கண்டறியப்பட்டுள்ளது. "இதை இதுவரை யாரும் கேட்டதில்லை" என்று நன்றி சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த முடிவுகள் தனி அறையும் பயிற்சியும் உதவியும் இருந்த ஆய்வுகளுக்கே பொருந்தும். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், முற்றத்தில் பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருக்க, திண்ணையில் ஒரு பெண்ணிடம் நானே இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். அவள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றாள். பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து, பேருந்து வந்த நேரத்தில் "அக்கா, இருக்கு" என்றாள். நான் அந்தப் பேருந்தில் ஏறவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் கேட்டது என் தவறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே பிறர் காதில் விழாத இடம் கிடைக்காவிட்டால் நேர்காணலை ஒத்திப்போடுங்கள். மறுநாள் விடுமுறை வரும் மாலையில் கடினமான கேள்விகளைத் தொடங்காதீர்கள். கடைசிக் கேள்வி காயத்தைப் பற்றியதாக இருக்கக்கூடாது. மூன்றாம் கேள்விக்கான பதிலில் சொன்ன, ஆதரவாக இருந்தவரைப் பற்றிய பேச்சோடு முடியுங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பதைப் பற்றியது; அதற்கு "ஆம்" என்று ஒருவர் எழுதியதை ஒரு மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போது பார்ப்பது மன்னிக்க முடியாத செயல். படிவத்தை வாங்கிய கையோடு அந்த வரியைப் பாருங்கள். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, பதினெட்டுக்குட்பட்டோருக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஆகியவற்றை அச்சிட்டுக் கையில் கொடுப்பதோடு, தேவைப்படுபவரைக் கூட அழைத்துப் போக ஒரு ஆளையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

"அப்பா அம்மா கையெழுத்து வாங்கணும்னா, தப்பு செஞ்சவரே அப்பாவா இருந்தா?"

பதினெட்டு நிறைந்தவருக்கு அவருடைய ஒப்புதல் போதும். கல்லூரி முதல்வரின் அனுமதி மாணவரின் ஒப்புதல் ஆகாது. பதினெட்டுக்குட்பட்டவர் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகவும், அதற்கு மேல் எழுத்திலும். பெற்றோரிடம் கேட்பதே பிள்ளைக்கு ஆபத்து என்ற நிலையை முன்கூட்டியே நெறிமுறைக் குழுவிடம் எழுதி விளக்கி, அவர்கள் சொல்லும் மாற்று வழியில் போக வேண்டும். நீங்களாக முடிவெடுத்துக் கையெழுத்தைத் தவிர்க்கக் கூடாது. முதுகலை மாணவருக்கு நான் சொல்வது, பதினெட்டு வயது நிறைந்தவர்களை மட்டும் எடுங்கள் என்பதே.

"ரகசியம்னு சத்தியம் பண்ணிட்டேன். இப்போ போலீஸ்ல சொல்லணும்னு சொல்றாங்களே?"

முழு ரகசியம் என்ற வாக்குறுதியைக் கொடுத்திருக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரியவரும் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. ஆய்வாளருக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. இன்று இருபது வயதானவர் தன் பத்து வயதில் நடந்ததைச் சொன்னால் என்ன செய்வது, அதே ஆள் இப்போது அந்த வீட்டின் சிறு பெண்ணோடு இருக்கிறார் என்றால் என்ன செய்வது என்பதையெல்லாம், நேர்காணல் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவில் உள்ள சட்டம் அறிந்தவரோடு பேசி, எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில், "ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதை நான் சொல்லியாக வேண்டும்" என்ற வரி தெளிவாக இருக்கட்டும். அதைப் படித்துவிட்டுச் சிலர் பேசாமல் போவார்கள். அது அவர்களுடைய உரிமை. உங்கள் நிலையில், இன்றே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, உங்களிடம் அதைச் சொன்னவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யாமல், சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் அவரிடமே நேரில் விளக்குங்கள்.

"பாண்டி கோயிலுக்கும் கோடாங்கிகிட்டயும் போனோம்னு சொல்றாங்க. அதையெல்லாம் எழுதணுமா?"

கட்டாயம் எழுதுங்கள். திருநீறு போட்டதும், பள்ளிவாசலில் மந்திரித்ததும், பாண்டி முனிக்கு நேர்ந்துகொண்டதும் அந்தக் குடும்பம் பிள்ளைக்காக அலைந்ததன் வரலாறு. அதைக் குறைவாகப் பேசினால் அதன்பின் உங்களிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போவது மருத்துவரிடம் போவதற்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை. கட்டிவைப்பதும் அடிப்பதும் பட்டினி போடுவதும் வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை நம் பகுதி மறந்துவிடக் கூடாது. அப்படி ஒன்று இப்போது நடப்பதாகத் தெரிந்தால், அதைக் களக்குறிப்பில் எழுதிவைப்பதோடு உங்கள் வேலை முடியாது.

"ரெண்டு மாசமா இதையே கேட்டுட்டு இருக்கேன். இப்போ எனக்கே தூக்கம் வரலை மேடம்."

அது உங்கள் பலவீனம் இல்லை. பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு இப்படி நேரும். உங்களுக்கே இப்படி ஏதேனும் நடந்திருந்தால் விரைவாகவே நேரும். ஒரு நாளைக்கு இரண்டு நேர்காணலுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒலிப்பதிவை இரவில் தனியாக உட்கார்ந்து எழுத்தாக்காதீர்கள். வாரம் ஒரு முறை குழுவாக உட்கார்ந்து, பெயர்களைச் சொல்லாமல், எது உங்களை உலுக்கியது என்று பேசுங்கள். தலைப்பை மாற்ற விரும்பினால் மாற்றலாம். அதற்காக நான் யாரையும் குறைவாக நினைத்ததில்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டால், அடுத்தவருக்காக நீங்கள் அச்சிட்டு வைத்திருக்கும் அந்த எண்களை நீங்களே அழையுங்கள்.